தட்டட்டிக்கு ஒரு நடை ஏறிட்டு வா, மருமவனே

சீலிங்குக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டு போன் போட்டிருக்க. நல்ல கேள்விதான் மருமவனே. ஐவரியா, ஆஃப் ஒயிட்டானு நீயும் உன் பொண்டாட்டியும் ராத்திரி பன்னெண்டு மணி வரை பேசியும் முடிவுக்கு வரலியாம்லா. அந்தப் புள்ள உங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கா. நீ அனுப்பின போட்டோவையும் பாத்தேன். பேரன்கிட்டக் குடுத்துப் பெருசாக்கிக் காட்டச் சொல்லிப் பாத்தேன். பேனுக்குக் கிழக்கே பழுப்புக் கறை ஒண்ணு கெடக்கு. உத்துப் பாத்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு வளையம். ஒரு தடவை நனைஞ்சு காஞ்சா ஒரு வளையம் விழும். ஆக, மூணு தடவை உன் தலைக்கு மேல தண்ணி வந்து போயிருக்கு. நீ கீழ உக்காந்து சீரியல் பாத்திருக்க. கறைக்கு அங்குட்டு பெயிண்டு தோலுரிஞ்சு தொங்குது. இன்னும் நாலடி தள்ளி, உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடிச்ச கம்பி ரெண்டு எட்டிப் பாக்கு.

இந்த லட்சணத்துக்கு ஐவரி எடுப்பா இருக்குமான்னு கேக்குத.

கையில காசு கூடிப் போயி, எங்ஙன கரைக்கதுன்னு தெரியாமத்தான் கேட்டிருப்பன்னு நெனைக்கேன். அதுக்கும் வழி இருக்கு, எழுதிக்கோ. நாளைக்கே பெயிண்டரைக் கூப்பிடு. கறை மேலயே பட்டி பாக்கச் சொல்லு. காரை விழுந்த எடத்துல சிமெண்டைக் குழைச்சு, துருவோட சேத்து அப்பச் சொல்லு. அதுக்கு மேல, கடையில இருக்கிறதுலயே விலை கூடின பெயிண்டா வாங்கி ரெண்டு கோட்டு. பொங்கலுக்குப் பொண்ணு நிச்சயம் பேச வாரவங்க அண்ணாந்து பாத்தா பளபளன்னு இருக்கும். அடுத்த ஐப்பசியில முதல் மழை விழும்போது பட்டி உப்பும். கார்த்திகையில பொலபொலன்னு கொட்டும். அப்ப இன்னொரு பெயிண்டரைக் கூப்பிடு. முன்னால வந்தவன் ஏமாத்திட்டாம்பான். அதுக்கு அடுத்த வருசம் வாரவன் இவனைச் சொல்லுவான். டப்பாவுல ஏழு வருசம் வாரண்டி போட்டிருக்கே மாமான்னு நீ கேப்ப. மழைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுடா.

இல்ல மாமா, வேலையை ஒழுங்கா முடிக்கணும்னு நெனைச்சேன்னா, பெயிண்டுக் கடைக்குப் போகாத. தட்டட்டிக்கு ஏறு. வீடு கட்டிப் பால் காய்ச்சின அன்னைக்குப் பந்தலைப் பாக்க ஏறினவன், அதுக்கப்புறம் வடாகம் காயப் போடக்கூட நீ ஏறலைன்னு எனக்குத் தெரியும். ஏறினா என்னென்ன இருக்கும்னு இங்க இருந்தே சொல்லுதேன் பாரு. தண்ணி வெளிய போற தூம்பு வாயில வேப்பஞ்சருகும், புறா முடியும், ஒரு ரப்பர் பந்தும் அடைச்சிருக்கும். மூலையில கைப்பிடிச் சுவரோட இடுக்குல அரசங்கன்னு ஒண்ணு நாலு இலை விட்டிருக்கும். தண்ணித் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சு பாசி பிடிச்சிருக்கும். டிவிக்கு டிஷ்ஷு மாட்ட வந்த பையன் நாலு ஓட்டை போட்டு போல்ட்டு முறுக்கியிருப்பான். அப்புறம் கம்பெனி மாத்தினன்னு இன்னொரு பையன் வந்து, பழைய ஓட்டையை அப்படியே விட்டுட்டு, புதுசா நாலு போட்டிருப்பான். எட்டு ஓட்டையோட ஒரு தட்டட்டி, அதுக்கு அடியில ஐவரி கலர்.

வாட்டம் எப்படி இருக்குன்னு பாக்கத் தெரியுமா உனக்கு? ரசமட்டம் எல்லாம் வேண்டாம். ஒரு வாளித் தண்ணியை நடுவுல ஊத்து. தூம்பைப் பாத்து ஓடிச்சுன்னா சரி. ஓடாம நின்னு உன் மூஞ்சியையே உனக்குக் காட்டிச்சுன்னா அங்கதான் கோளாறு. பத்தடி நீளத்துக்கு ஒண்ணேகால் அங்குலமாவது இறக்கம் வேணும். உன் வீட்டைக் கட்டினவன் அந்த ஒண்ணேகால் அங்குலத்தைக் கணக்குல எழுதியிருப்பான், தளத்துல போட்டிருக்க மாட்டான்.

தண்ணி பெரிய கள்ளன். நுழையுத எடம் ஒண்ணு, வெளிய வார எடம் ஒண்ணு. பேன் ஊக்குல சொட்டுதுன்னு ஊக்குக்கு நேர் மேல ஏறித் தார் பூசிட்டு வந்துராத. தளத்துக்குள்ள கரண்டு வயருக்குப் போட்ட பைப்பு இருக்குலா, அதுக்குள்ள இறங்கி, பத்தடி தள்ளி, பேன் டப்பாவுல வந்து எட்டிப் பாக்கும். அப்படிச் சொட்டுச்சுன்னா முதல்ல அந்த ரூமுக்கு மெயினை அணைச்சிரு. தண்ணியும் கரண்டும் ஒரே குழாயில வரும்போது வீரம் காட்டக் கூடாது. அப்புறம், மாடியில குளியலறை இருந்து, மழையே இல்லாத சித்திரையிலயும் கறை ஈரமா இருந்துச்சுன்னா, வானத்தைத் திட்டாத. உன் மவன் முக்கால் மணி நேரம் குளிக்கான்லா, அந்தத் தண்ணிதான் தரை ஓடு இடுக்கு வழியா இறங்குது.

சந்தேகமா இருந்தா தண்ணி கட்டிப் பாக்கணும். தூம்பைச் சாக்கு வச்சு அடைச்சு, தட்டட்டியைக் களிமண் வரப்பால நாலு பாத்தியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணா ரெண்டு விரக்கடை ஒசரத்துக்குத் தண்ணி நிறுத்து. ரெண்டு நாள் விட்டுக் கீழ பாரு. எந்தப் பாத்தியில கட்டும்போது கசியுதோ அதுதான் எதிரி. பருத்திக்குப் பாத்தி கட்டினவன் மவன் நீ, இதுக்கு என்ஜினியர் வேண்டாம். ஆனா கம்பி வெளிய தெரியுத எடத்துக்கு மேல இந்தச் சோதனையைச் செய்யாத. சதுர அடி சதுர அடியாத் தண்ணிப் பாரம் ஏறும். ஏற்கெனவே நொந்து கெடக்கிற தளம்.

கம்பியைச் சொன்னேன்லா, அதைத்தான் நீ பாக்க மாட்டேங்க. சிமெண்டு கான்கிரீட்டுக்குக் காரத் தன்மை கூட. அந்தக் காரம் இருக்கிற வரைக்கும் உள்ள கெடக்கிற இரும்பு துருப்பிடிக்காது. காத்துல இருக்கிற கரியமில வாயு வருசக் கணக்கா மெதுவா உள்ள இறங்கி அந்தக் காரத்தைத் தின்னுரும். உனக்குத் தூத்துக்குடி வேற. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவுல மனையை மலிவா வாங்குனியே, அந்த உப்புக்காத்து இன்னும் சீக்கிரமா வேலையைக் காட்டும். துருப்பிடிச்ச இரும்பு சும்மா இருக்காது, உப்பும். இருந்ததைப் போல ரெண்டு மடங்குலேருந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் கேக்கும். எடம் குடுக்கலைன்னா கான்கிரீட்டை நெம்பித் தள்ளிட்டு வெளிய வரும். உன் வீட்டுல நடுராத்திரி டமார்னு விழுந்துச்சே, பேய்னு சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டுனீகளே, அது இதுதான்.

கம்பிக்கும் கான்கிரீட்டோட அடி முகத்துக்கும் நடுவுல உள்நாட்டு வீட்டுக்கே 20 மில்லி மறைப்பு இருக்கணும்னு ஐ.எஸ். 456ன்னு ஒரு விதிப் புத்தகம் சொல்லுது, 2000ல திருத்தி வந்தது. கடலோரம்னா இன்னும் கூடக் கேக்குது. அந்த 20 மில்லிக்காகத்தான் கம்பிக்கு அடியில கவர் பிளாக்குனு சின்னக் கட்டி வைக்காவ. உன் தளம் போட்ட அன்னைக்கு நானும் வந்திருந்தேன். கவர் பிளாக் மூட்டை மாடிப்படிக்கு அடியில பத்திரமா இருந்துச்சு. சட்டி சுமந்தவங்க கம்பியை மிதிச்சு மிதிச்சுப் பலகையோட ஒட்ட வச்சாவ. நீ எல்லாருக்கும் கலர் ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்த.

எங்க அய்யா காலத்துக் காரை வீட்டுல இந்தத் தொந்தரவு கெடையாது, ஏன்னா கம்பியே கெடையாது. மெட்ராஸ் டெரஸ்னு படிச்சவங்க சொல்லுவாவ. தேக்குச் சட்டத்தை வரிசையாப் போட்டு, அதுக்கு மேல ஒல்லிச் செங்கலைக் குத்துவாட்டுல நிறுத்தி, சுவருக்குச் சாய்வாக் கோணத்துல அடுக்கிச் சுண்ணாம்புல பிடிக்கணும். அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு அங்குலம். கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் தெளிச்சு, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து மரக்கட்டையால தட்டுவாங்க. பாட்டோட தட்டுவாங்க. கட்டை பட்டதும் துள்ளித் திரும்புற வரைக்கும் தட்டணும், அதுதான் கணக்கு. அதுக்கு மேல தட்டோடு. அந்த மாதிரி வீடு உன் பங்காளிகள் யாருக்காவது மிச்சம் இருந்து, காரை விழுதுன்னு சிமெண்டு வச்சுப் பூசக் கிளம்பினா, தடுத்து நிறுத்து. சுண்ணாம்பு வீட்டுக்குச் சுண்ணாம்புதான். சிமெண்டு ஈரத்தை உள்ளயே பூட்டி வச்சிரும். சட்டத்தோட நுனி சுவருக்குள்ள இருந்தே மக்கிரும்.

சரி, உன் வீட்டுக்கு வருவோம். நீ பிடிச்ச மொத தப்பு காலம். பொங்கலுக்கு முன்னால வெள்ளையடிக்கணும்னு நிக்குத. வழக்கம்தான், நான் இல்லைங்கல. ஆனா அந்த வழக்கம் எந்த வெள்ளைக்கு வந்தது? சுண்ணாம்புக்கு. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில பெய்யுததுதான் மழை. மார்கழியில சுவரும் தளமும் ஊறிப் போயிருக்கும். 2023 டிசம்பர்ல பாத்தம்லா, மார்கழி பிறந்த அன்னைக்கே காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. அந்த ஈரத்து மேல சுண்ணாம்பு அடிக்கலாம். கரியமில வாயுவைக் குடிச்சுத்தான் அது இறுகும், அதுக்குக் கொஞ்சம் ஈரமும் வேணும். உள்ள இருக்கிற ஈரத்தையும் மெதுவா வெளிய விட்டுரும். தாத்தா, பாட்டியெல்லாம் தை பிறக்க முன்னால பனைநார் மட்டையால நீலம் கலந்து அடிச்சது அதனாலதான் செல்லுபடி ஆச்சு. நீ அடிக்கப் போறது எமல்ஷன். காஞ்சதும் பிளாஸ்டிக் தோலு. ஊறின தளத்துக்கு அடியில தோலைப் போத்திட்டு, மாசியில வெயில் ஏறினதும் உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி எங்க போகும்? தோலைத் தள்ளிக்கிட்டுத்தான் வரும். அப்ப கொப்புளத்தை ஒவ்வொண்ணாக் குத்தி விளையாடலாம், உன் மவனுக்குப் பொழுது போகும்.

அதனால இந்தப் பொங்கலுக்கு அடிக்காத. பொண்ணு பேச வாரவங்க கேட்டா, சீலிங்கு வேலை நடக்குன்னு சொல்லு. வீட்டுல வேலை நடக்குன்னா மதிப்புதான். மூடி மறைக்கணும்னு ஃபால்ஸ் சீலிங்குக்காரனைக் கூப்பிட்டேன்னு வையி, அது இன்னும் விசேசம். ஜிப்சம் பலகைக்கு மேல கம்பி துருப்பிடிக்கிறது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எலிக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் கான்கிரீட்டுத் துண்டு, பலகை, எலி மூணும் சேந்து சம்பந்தி மடியில விழும்.

மழைக்காலத்துல செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கது. ஓசியில சோதனை நடக்கிற காலம் அது. பென்சிலால கறையைச் சுத்திக் கோடு போட்டுத் தேதி எழுதி வை. அடுத்த மழைக்குக் கோட்டைத் தாண்டுதான்னு பாரு. மாசி, பங்குனியில மேல வேலை. சித்திரை வெயில்ல கீழ வேலை. இந்த வரிசையை மாத்தினேன்னா நான் பொறுப்பில்ல.

மேல வேலை பெருசா ஒண்ணுமில்ல. அரசங்கன்னை ஒடிச்சுப் போடாத, ஒடிச்சா ரெண்டாத் துளிர்க்கும். இடுக்கைக் கொத்தி வேரோட எடுத்துட்டு அடைக்கணும். தட்டோட்டு இணைப்பெல்லாம் கிளறிச் சுத்தம் பண்ணி, நீர்க் கசிவைத் தடுக்கிற மருந்து கலந்த கலவையில அடைக்கணும். போல்ட்டு ஓட்டையும் அப்படியே. தளமும் கைப்பிடிச் சுவரும் சேருத மூலை இருக்கே, முக்காவாசி வீட்டுல அதுதான் வாசல். அங்க கலவையைச் சரிவா வச்சுப் பூசி, வலைத்துணி ஒட்டி, மேல பூச்சு ஏத்தணும். குழி விழுந்த எடத்துல வாட்டத்தைத் திருத்தாம வெறும் பூச்சை மட்டும் பூசச் சொல்லி ஒருத்தன் வருவான். தேங்கின தண்ணிக்கு அடியில கெடந்தா எந்தப் பூச்சும் ரொம்ப நாள் தாங்காது. அவனுக்குக் காப்பி குடுத்து அனுப்பிரு.

இப்பக் கீழ. கொத்தனார் கையில சுத்தியலைக் குடுத்து, சீலிங்கு முழுக்கத் தட்டிப் பாக்கச் சொல்லு. நீயும் கூட நின்னு கேளு. நல்லாப் பிடிச்ச எடம் ‘கிண்’ணுங்கும். விட்டுப் போன எடம் ‘டொப்’புங்கும். டொப்புன்னதெல்லாம் கீழ வரணும், அதுல தாட்சண்யம் கூடாது. பாதி எடத்துல அரை அங்குலம், முக்கால் அங்குலம் தடிச்ச பூச்சு பெயர்ந்து வரும் பாரு. சீலிங்குப் பூச்சு 6 மில்லிதான் இருக்கணும். சென்ட்ரிங் பலகை மேடு பள்ளமாப் போனதை மறைக்க அப்பி அப்பித் தடிமனாக்கியிருப்பான். தலைகீழாத் தொங்குத பூச்சுக்கு அதோட பாரமே பகை.

கம்பி தெரியுத எடத்துல கொத்துறதுக்கு முன்னால முட்டு குடுத்திருக்கணும். கம்பி மெலிஞ்சு நூலாப் போயிருந்தா, இல்ல ரூம் பூராவும் இதே கதைன்னா, கொத்தனாரும் வேண்டாம் நானும் வேண்டாம், கட்டட என்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டு. அங்கொண்ணு இங்கொண்ணுன்னா, கம்பிக்குப் பின்னாலயும் விரல் போற அளவுக்குக் கான்கிரீட்டை எடுக்கணும். முன்பக்கம் மட்டும் சுரண்டினா முதுகுல இருக்கிற துரு மறுபடி முளைக்கும். கம்பி பிரஷ்ஷால இரும்பு நிறம் தெரியத் தேச்சு, துரு தடுக்கிற ஜிங்க் பிரைமர் அடிச்சு, பழசையும் புதுசையும் ஒட்டுத பசையைத் தடவி, அது காயுறதுக்குள்ள, பாலிமர் கலந்த கலவையை மெல்லிசு மெல்லிசா ரெண்டு மூணு நடையா ஏத்தணும். ஒரே அப்பா அப்பினா, அப்பினவன் ஏணியை விட்டு இறங்குறதுக்குள்ள அது இறங்கிரும்.

கம்பி தெரியாத எடத்துல வெறும் பூச்சுதான். வழவழன்னு இருக்கிற கான்கிரீட்டைக் கொத்தி விட்டு, நனைச்சு, சிமெண்டுப் பால் அடிச்சு, ஒண்ணுக்கு மூணு கலவையில பூசணும். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருத ஓரத்துல வலை வச்சுப் பூசினா வெடிப்பு வராது. பூசினப்புறம் தண்ணி காட்டணும், ஏழு நாள். சுவருக்குன்னா ஹோஸ் பைப்பால அடிச்சிரலாம். சீலிங்குக்கு எப்படி மாமான்னு நிப்ப. மருந்தடிக்கிற கைப்பம்பு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, குடுத்து விடுதேன். பருத்திக்கு அடிச்ச வாசம் போக நல்லாக் கழுவிட்டு, மூக்கை நுண்ணிசா வச்சு காலையிலயும் சாயங்காலமும் புகையா அடி. மத்தியானம் ஆபீசுக்கு லீவு போட வேண்டாம்.

அப்புறம் சும்மா இருக்கணும். உன்னால முடியாத வேலை இதுதான். புதுப் பூச்சு காய ஒரு மாசம் குடு. காஞ்சுச்சான்னு கையால தடவிப் பாத்துச் சொல்லுவான் பெயிண்டர், நம்பாத. ஒரு முழம் பாலிதீன் தாளை எடுத்து நாலு பக்கமும் டேப்பு போட்டு சீலிங்குல ஒட்டு. மறுநாள் காலையில உள்பக்கம் வேர்த்திருந்துச்சுன்னா, பெயிண்டரை இன்னும் ரெண்டு வாரம் ஊர்ல இருக்கச் சொல்லு. இதைப் பொறுக்க மாட்டாம மாட்டிக்கிட்டவன் நீ மட்டும் இல்ல. ரோமாபுரியில போப்பாண்டவர் கோயில் மேக்கூரையில படம் வரைஞ்சாரே மைக்கேல் ஆஞ்சலோ, 1508லேருந்து 1512 வரைக்கும். ஆரம்பத்துல வரைஞ்சது பூராவும் பூஞ்சை பூத்துப் போச்சு. இது எனக்குத் தெரிஞ்ச தொழிலே இல்லை, நான் போறேன்னு மனுசன் போப்பாண்டவர்கிட்டயே போயி நின்னிருக்காரு. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்துட்டு, சாந்துல ஈரம் கூடிப் போச்சுன்னு சொல்லிக் குடுத்த பிறகுதான் வேலை நடந்துருக்கு. எங்க பங்குச் சாமியார் சொல்லிக் கேட்டது. அண்ணாந்தே நின்னு வரைஞ்சு கழுத்து வலியில அந்தாளு புலம்பிப் பாட்டே எழுதியிருக்காராம். நீ ரெண்டு நாள் அடிச்சுட்டு உங்க அத்தைகிட்ட தைலம் கேப்ப.

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போயிருக்கியா? பாறையைக் குடைஞ்ச கோயிலு. மேக்கூரையில தாமரைக் குளம் ஒண்ணு வரைஞ்சு வச்சிருக்காவ, மீனும் அன்னமும் ஆனையும் பூப்பறிக்கிற ஆளுகளுமா. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, அங்கங்க உதிர்ந்தும் இன்னும் தெரியுது. அங்க குளம் படத்துல இருக்கு, மேல பாறை. உன் வீட்டுல குளம் மேல இருக்கு, படம் எப்படி நிக்கும்?

பெயிண்டு வேலைக்குச் சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, பேனைக் கழத்திரு. பழைய பெயிண்டுல விரலைத் தேச்சுப் பாரு, மாவா ஒட்டிச்சுன்னா அது சுண்ணாம்போ மலிவு டிஸ்டம்பரோ. அதுக்கு மேல எதை அடிச்சாலும் அதோட சேந்து உதிரும். நனைச்சு நனைச்சு முழுசாச் சுரண்டணும். சமையக்கட்டு சீலிங்குல பழைய எனாமல் இருந்தா உலர்வாத் தேய்க்காத. வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற சட்டம் நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் நடப்புக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின டப்பாவுல என்ன இருந்துச்சோ, அந்தத் தூசி பிள்ளைக வயித்துக்குள்ள போக வேண்டாம். தண்ணி தொட்டு உப்புத்தாள் போடு, பிள்ளைகளை எங்ககிட்ட அனுப்பு.

பூஞ்சை இருந்தா பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியால துடைச்சுக் காய விடு. அந்தப் பழுப்புக் கறைக்கு மட்டும் கறையைப் பூட்டுற ஆயில் பிரைமரா வாங்கி ஒரு கை அடிச்சிரு. தண்ணிப் பெயிண்டை நேரா அடிச்சா, ஈரம் பட்டதும் கறை கரைஞ்சு மேல வந்து நிக்கும். நாலு கோட்டு அடிச்சாலும் வரும். ஒழுகலை அடைச்ச பிறகும் கறை வருதேன்னு கொத்தனாரைத் திட்டுவ, பாவம். அப்புறம் பட்டி, மெல்லிசா ரெண்டு நடை. உப்புத்தாள், பிரைமர், பெயிண்டு ரெண்டு கோட்டு. சீலிங்கை முடிச்சுட்டுத்தான் சுவரு. உன் பெயிண்டர் சுவரை முடிச்சுட்டு சீலிங்குக்கு ஏறுவான், சொட்டுன சுவரை மறுபடி அடிச்சு அதுக்கும் கூலி வாங்குவான், சூதானமா இரு. கடைசிக் கோட்டு ரோலரை ஜன்னல் வெளிச்சம் வார திசைக்கே ஓட்டச் சொல்லு, தடம் தெரியாது. பாதியில டீ குடிக்க விடாத. ஓரம் காஞ்சு போயி அந்த டீ நேரம் அப்படியே கோடா நிக்கும். ஒரு மூச்சா முடிச்சுட்டு ரெண்டு டீயா வாங்கிக் குடு.

கலரு கேட்டேலா. வெள்ளை. பளபளப்பு இல்லாத வெறும் வெள்ளை. பளபளப்பு போட்டேன்னா கொத்தனார் கரண்டி ஓடின ஒவ்வொரு மேடும் சாயங்கால வெளிச்சத்துல எந்திரிச்சு நிக்கும். இதுக்குத்தான் பன்னெண்டு மணி வரைக்கும் பேசினியோ.

ஹாலு பதினெட்டுக்குப் பன்னெண்டு, 216 சதுர அடி. நாலு லிட்டர் டப்பா ஒண்ணு வாங்கினா ரெண்டு கோட்டுக்கும் போக மிச்சம் வரும். உன் பெயிண்டர் இருபது லிட்டர் பக்கெட்டு எழுதிக் குடுத்திருக்கான். மிச்சத்தை அவன் மச்சான் வீட்டுக்குக் கொண்டு போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, ஆனா அரை லிட்டரையாவது டப்பாவோட வாங்கி, மூடியை அமுக்கி, கலர் நம்பரையும் தேதியையும் மேல எழுதி, பரண்ல வை. சித்திரை முடியுறதுக்குள்ள உன் பொண்டாட்டி ஹாலுக்குத் தொங்கு விளக்கு கேப்பா. கரண்டு வேலைக்கு ஒரு பையன் வந்து, மாட்ட வேண்டியது ஒரு எடம், ஓட்டை போட்டது மூணு எடம்னு ஆக்கிட்டுப் போவான்.